அறைக்குள் அடங்கியதெல்லாம் அதற்குரிய ரவையா?

கொடிகாமச் சந்தைக்கு வரும் தேங்காயும் மாங்கனியும் பலாவும் தென்மராட்சி உழவரின் உழைப்புக்குச் சான்று கூறுவன. இன்று அச்சான்றிற் பாதியைக் குரங்குக் கூட்டம் மரத்திலேயே தின்று தீர்க்கின்றது. தின்னாததைக் குரும்பையிலேயே பறித்து எறிகின்றது. வன்னியில் வயல் வைத்திருப்போர்க்குப் பன்றியும் யானையும் பகை. 2025ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் காலை 8 மணிக்கு, ஐந்து நிமிட நேரம் நின்று குரங்கையும் மயிலையும் எண்ணித் தருமாறு அரசு நாட்டு மக்களைக் கேட்டது. எண்ணிக் கொடுத்தாயிற்று. தோட்டத்துக்கு என்ன காவல் வந்தது?

இந்நிலையில் உழவன் துவக்கை நாடுவதில் வியப்பில்லை. ஆனால் வடக்கில் உழவர் கையிலிருந்த அனுமதித் துவக்குகள் போர்க்காலத்தில் போய்விட்டன. இயக்கங்கள் வீடு வீடாகச் சென்று எடுத்தவை பல. புதிதாக ஒன்றைப் பெற மாவட்டச் செயலகத்தின் படிகளைத் தேய்க்க வேண்டும். பெற்றாலும் ரவை வேண்டும். அப்பொழுதுதான், “வெடித்த கோது கையில் இருக்கின்றதே, அதையே மீள அடைத்தால் என்ன?” என்ற யோசனை பிறக்கின்றது. அந்த யோசனையைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் சட்டத்துக்குட்பட்டு ரவைகளை மீள அடைப்போர் ஆயிரமாயிரம் பேர் உளர். அவர்களிடம் அளவுக் கருவியும் துல்லியத் தராசும், உற்பத்தியாளர் வெளியிட்ட அட்டவணையும் உண்டு. இத்தனையும் ஏன்? பித்தளைக் கோது வெடிக்கும்போது விரிந்து, தான் இருந்த அறையின் சுவரோடு ஒட்டி, அந்த அறையின் வடிவத்தையே பெற்றுவிடுகின்றது. ஒரே பெயருடைய இரு துவக்குகளின் அறைகள் மயிரிழை அளவு வேறுபட்டாலும், ஒன்றில் வெடித்த கோது மற்றையதில் இறுகும். அல்லது தளர்ந்து நிற்கும். இறுகினால் துவக்கு அடைபடும். தளர்ந்தால் ஒவ்வொரு வெடிக்கும் பித்தளை நீண்டு மெலிந்து, ஒருநாள் அடிப்பாகம் வேறாகப் பிரியும். சுடுபவனின் முகத்துக்கு நேரே தீயும் வாயுவும் பின்னோக்கிப் பாயும். எம் முன்னோர் பொலிஸ்காரர் தோளிற் கண்ட 303 துவக்கின் அறை தாராளமாகவே குடையப்பட்டது. அதன் கோதுகள் இந்நோய்க்குப் பெயர் போனவை.

இது வெறும் பொறியியல் நுணுக்கம் என்று எண்ணுவோர் கனடாவின் கதையைக் கேட்க வேண்டும். 1915ஆம் ஆண்டு ஈப்பர் களத்தில் கனேடியப் படையினர் ரொஸ் என்ற துவக்கோடு நின்றனர். அதுவும் 303, பிரித்தானியர் கொடுத்த ரவையும் 303. ஆயினும் ரொஸ் துவக்கின் அறை இறுக்கமானது. போர்க்கால அவசரத்திற் செய்யப்பட்ட பிரித்தானிய ரவைகளோ அத்தனை ஒழுங்கானவையல்ல. பகைவன் எதிரே வருகையில் துவக்கின் பூட்டைச் சப்பாத்துக் காலால் உதைத்துத் திறக்க வேண்டியதாயிற்று. இறந்து கிடந்த பிரித்தானியரின் லீ என்பீல்ட் துவக்குகளை எடுத்துப் போரிட்டோர் பலர். பாதுகாப்பு அமைச்சர் சாம் ஹியூஸ் மட்டும் தம் நாட்டுத் துவக்கின் பெருமையை விடாது பேசிக்கொண்டிருந்தார்! 1916இல் அத்துவக்கு முன்னணிக் காலாட்படையிடமிருந்து அகற்றப்பட்டது. அவ்வாண்டு முடியுமுன் அமைச்சரும் பதவி நீங்கினார்.

இக்குழப்பம் எமது மண்ணுக்கு மிக அண்மையில் இருக்கின்றது. முகமாலைப் பக்கத்தில் கண்ணிவெடி அகற்றுவோர் ஆண்டுக்கணக்காக உழைத்து வருகின்றனர். கலப்பைக்கும் மண்வெட்டிக்கும் அகப்படும் ரவைகளில் ‘7.62’ என்று அழைக்கப்படுபவை ஒரே இனமல்ல. சீன ரி-56 துவக்கின் ரவைக் கோது 39 மில்லிமீற்றர் நீளம். நேட்டோ ரவையின் கோது 51. உருசிய இயந்திரத் துப்பாக்கியினது 54. இவையாவது கண்ணுக்கு வேறுபாடு காட்டும். நேட்டோ ரவையும், வேட்டைக்காரர் வாங்கும் 308 வின்செஸ்ரர் ரவையும் அருகருகே வைத்தால் இரட்டைப் பிள்ளைகள் போலிருக்கும். படைத் துவக்கின் அறை சற்று நீளமாக இருக்கலாம். படைக் கோதின் சுவரோ தடித்தது. தடித்த கோதினுள் இடம் குறைவு. மெல்லிய கோதுக்கு விதித்த மருந்தை அப்படியே அதிற் கொட்டினால் அமுக்கம் ஏறும். துவக்கின் தோற்றத்தை நம்புவதும் தவறே. 1962ஆம் ஆண்டுச் சீனப் போருக்குப் பின்னர் வங்காளத்து இச்சாப்பூர்த் தொழிற்சாலை நேட்டோ ரவைக்கென ஒரு துவக்கைச் செய்தது. பார்ப்பதற்குப் பழைய 303 போன்றே இருக்கும். ஆனால் அமுக்கத்தைத் தாங்குதற்கு வலிய உருக்கை எடுத்தே அதனைச் செய்தனர்.

உழவனுக்கு இவையெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். அவன் கைக்கு வருவது பன்னிரண்டாம் இலக்கத் துவக்கு. ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு உருண்டையாக்கினால், அவ்வுருண்டை ஒன்றின் பருமனே குழலின் வாய். அதிலும் இதே பொறி உண்டு. பழைய ஆங்கிலத் துவக்குகளின் அறை இரண்டரை அங்குலம், பிற்காலத்தவை இரண்டே முக்கால், மூன்றும் உண்டு. நீண்ட ரவையின் மடித்த வாய் வெடிக்கும்போதே விரியும். ஆதலால் வெடியாத நீண்ட ரவை குறுகிய அறைக்குள் சத்தமின்றி அடங்கிவிடும். வெடித்ததும் வாய் விரிய இடமின்றிக் குழலுக்குள் அமுக்கம் மிகும். இதனினும் கொடியது இருபதாம் இலக்க ரவை. அது பன்னிரண்டின் அறையைத் தாண்டி வழுகிக் குழலுள் சிக்கி நிற்கும். வெற்றறை என்று எண்ணி இன்னொன்றைப் போட்டு வெடித்தால் குழல் பிளக்கும், கை போகும். இருபதாம் இலக்கத்துக்கு மஞ்சள் நிறம் கொடுக்கும் வழக்கம் இந்த விபத்தைத் தவிர்ப்பதற்கே. புகையில்லா மருந்தைக் கரிமருந்தின் அளவிலே கொட்டுவோன் கதியும் அதுவே. பழந்துவக்கு அதனைத் தாங்காது.

மண்ணில் கிடைத்த ரவையைப் பிரித்து, அதன் மருந்தைக் கட்டுத்துவக்குக்கோ பன்றி வெடிக்கோ போடுவோரை யாம் ஆதரிக்க இயலாது. அது சட்டத்துக்குக் குற்றம். அந்தி வேளையில் அவ்வழி மாடு தேடிச் செல்லும் அயலவனுக்கோ அது யமன்.

ஆனால் தடை மட்டும் போதும் என்று அரசு இருந்துவிட முடியுமா? 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகருவிச் சட்டமும், 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட் சட்டமும் உழவனுக்கு எதனைச் செய்யாதே என்று கூறுகின்றன. எதனைச் செய்யலாம் என்பதை அலுவலகங்களன்றோ சொல்ல வேண்டும்? பயிர்க்காவலுக்கு அனுமதி கேட்கும் விண்ணப்பத்துக்குக் குறித்த காலத்துக்குள் ஆம் அல்லது இல்லை என்ற விடை வேண்டும். அனுமதி புதுப்பிக்கும் ஆண்டுதோறும் துவக்கின் அறையை அளந்து, அதற்குரிய ரவையின் நீளத்தை அனுமதிப் பத்திரத்திலேயே குறிக்க வேண்டும். அந்த ரவை உழவன் வாங்கக்கூடிய விலையிலே கிடைக்க வேண்டும். பெட்டியின் மேலுள்ள எச்சரிக்கை தமிழிலும் இருக்க வேண்டும். தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்றென 1987ஆம் ஆண்டிலேயே அரசியலமைப்பில் எழுதிவிட்டார்கள். தென்மராட்சியின் கமநல சேவை நிலையங்களில், அடுத்த காலபோகத்துக்கு முன்னர், இரண்டு நாள் ஒதுக்கி இதனைத் தொடங்கலாம். மாவட்டச் செயலாளர் நாளைக் குறிப்பாராயின், பழந்துவக்குகளோடு உழவர் வந்து நிற்பர்.