‘சுகர் ஃப்ரீ’ சொல்லாமல் விடுவது

செயற்கை இனிப்பூட்டிகள் மிகச் சிறிய அளவிலேயே சர்க்கரையின் இனிப்பைத் தருபவை. அஸ்பார்டேம் சர்க்கரையைவிட ஏறத்தாழ 200 மடங்கும், சுக்ரலோஸ் 600 மடங்கும் இனிப்பானவை. இவற்றில் மூத்தது 1879இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்ட சாக்கரின். சர்க்கரை நோயாளிகள் 10 கோடியைத் தாண்டிவிட்டதாக ஐசிஎம்ஆர் ஆய்வு 2023இல் காட்டிய இந்தியாவில், ‘சுகர் ஃப்ரீ’ என்ற இரு சொற்கள் நன்றாக விலைபோவதில் வியப்பில்லை. அந்தச் சொற்கள் மறைப்பதை வெளியே சொல்லவைப்பது அரசின் பொறுப்பு.

இவற்றைப் பற்றிய அச்சம் பெரும்பாலும் புற்றுநோயைச் சுற்றியே எழுகிறது. சாக்கரின் கொடுக்கப்பட்ட எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் புற்று வந்ததால், 1977இல் அமெரிக்க அரசு அதைத் தடைசெய்ய முனைந்தது. தடை நிறைவேறவில்லை, எச்சரிக்கை வாசகம் மட்டும் வந்தது. எலிக்கு நேர்ந்தது மனித உடலுக்குப் பொருந்தாது என்று தெளிவான பின், 2000இல் அந்த வாசகமும் போனது. 2023 ஜூலையில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, அஸ்பார்டேமைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று ஐயுறத்தக்க பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. சான்று குறைவு என்பதையும் அதுவே சொன்னது. உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற அன்றாட வரம்பை மாற்றத் தேவையில்லை என்று மற்றொரு நிபுணர் குழு அதே நேரத்தில் அறிவித்தது. தலைப்புச் செய்தியானது முன்னது மட்டுமே. 70 கிலோ எடையுள்ளவர் அந்த வரம்பைத் தாண்ட, ஒரே நாளில் 9 முதல் 14 டின் ‘டயட்’ பானம் குடிக்க வேண்டும். ஆனால் 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு இதே கணக்கைப் போட்டால், மூன்று நான்கு டின்னிலேயே வரம்பு வந்துவிடுகிறது.

உண்மையான கேள்வி, இனிப்பூட்டி எதற்குப் பயன்படுகிறது என்பதே. உடல் எடையைக் கட்டுப்படுத்த இவற்றை நம்ப வேண்டாம் என்று 2023 மே மாதம் உலக சுகாதார அமைப்பு பரிந்துரைத்தது. நீண்ட காலத்தில் எடை குறைவதில்லை. தொடர்ந்து பயன்படுத்துவோரிடம் இரண்டாம் வகை சர்க்கரை நோயும் இதய நோயும் கூடுதலாகக் காணப்படுகின்றன. ஏற்கெனவே எடை கூடியவர்களே இவற்றை அதிகம் நாடுவதால், காரணம் எது விளைவு எது என்று பிரித்தறிவது கடினம். பரிந்துரை நிபந்தனையோடு வந்ததற்கு அதுவே காரணம். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அது பொருந்தாது என்பதும் பலர் கவனிக்காத செய்தி. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு அறக்கட்டளை, காபி, டீயில் சர்க்கரைக்குப் பதிலாக சுக்ரலோஸ் சேர்த்து, இரண்டாம் வகை நோயாளிகளிடம் 12 வாரம் ஆய்வு செய்தது. ரத்தச் சர்க்கரைக் கட்டுப்பாடு கெடவில்லை. எடை மிகச் சிறிதளவு குறைந்தது. காலை டம்ளர் காபிக்கு இந்த மாற்று போதுமான சமாதானம்தான்.

தவறு அந்த டம்ளரைத் தாண்டிய இடத்தில் தொடங்குகிறது. ‘சுகர் ஃப்ரீ’ மைசூர்பாகில் சர்க்கரை இல்லாமலிருக்கலாம்; கடலை மாவும் நெய்யும் அப்படியேதான் இருக்கின்றன. ‘சுகர் ஃப்ரீ’ பிஸ்கட்டின் மைதா வயிற்றுக்குள் போனதும் குளுக்கோஸாகத்தான் மாறுகிறது. ஒன்று சாப்பிட வேண்டியவர், பலகையை நம்பி மூன்று சாப்பிடுகிறார். இந்த மயக்கத்தில் கடைக்காரருக்கு நட்டமில்லை.

ஆகவே தடை வேண்டாம், வெளிப்படைத்தன்மை வேண்டும். உறையின் பின்புறம் பொடி எழுத்தில் 951, 955 என்று இனிப்பூட்டியின் குறியீட்டு எண்ணைப் போட்டுவிட்டுப் போவது போதாது. எந்த இனிப்பூட்டி, எத்தனை மில்லிகிராம் என்பது முன்புறத்தில், தமிழிலும் இருக்க வேண்டும். குழந்தைகளுக்கு உகந்ததல்ல என்ற வாசகமும், ஃபினைல்கீட்டோனூரியா என்னும் அரிய பிறவிக் குறைபாடு உள்ளோருக்கான அஸ்பார்டேம் எச்சரிக்கையும் அதே இடத்துக்கு வர வேண்டும். கண்ணாடிப் பெட்டியில் வைத்து எடைபோட்டு விற்கும் இனிப்புகளுக்கு உறையே கிடையாது. அவற்றுக்கும் எந்தத் தேதிவரை உண்ணலாம் என்று எழுதிவைக்கும்படி 2020 அக்டோபர் முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. அந்தச் சீட்டிலேயே இனிப்பூட்டியின் பெயரையும், 100 கிராமுக்கு எத்தனை கலோரி என்பதையும் சேர்க்கச் சொல்ல ஆணையத்துக்குத் தயக்கம் இருக்கக் கூடாது.