மேல்படி கீழே இறங்கி வருமா?

மதுரை அரண்மனை வாயிலில் நின்ற கண்ணகிக்கு வழக்கறிஞர் தேவைப்படவில்லை, மொழிபெயர்ப்பாளரும் தேவைப்படவில்லை. நேரே சென்றாள், தன் மொழியில் வாதாடினாள், சிலம்பை உடைத்தாள், அப்பொழுதே தீர்ப்பும் கிடைத்தது. அந்தக் காலத்திற்குத் திரும்பிச் செல்வோம் என்று சொல்ல நான் வரவில்லை. சட்டம் வகுப்பவனும் காவல் புரிபவனும் நீதி வழங்குபவனும் ஒருவனாகவே இருந்ததால்தானே கோவலன் விசாரணையின்றி வெட்டுண்டான்! இம்மூன்றையும் பிரித்து வைத்த நம் அரசியலமைப்புச் சட்டம் பாண்டியன் அவையைவிட மேலானதே. ஆயினும் கண்ணகிக்குக் கிடைத்த ஒன்று நாரணாபுரத்துப் பட்டாசுத் தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை. அவள் சொன்னதைத் தீர்ப்புச் சொல்பவனே காதால் கேட்டான்.

நம் நாட்டு நீதித்துறை ஒரே கோபுரமாகக் கட்டப்பட்டது. அமெரிக்காவில் மாநில நீதிமன்றங்கள் ஒரு வரிசை, கூட்டரசு நீதிமன்றங்கள் இன்னொரு வரிசை. இங்கோ முன்சீப் கோர்ட்டில் தொடங்கும் வழக்கு படிப்படியாக ஏறி டெல்லி வரை செல்லலாம். டெல்லியில் சொல்லப்படும் சட்டம் கடைசி முன்சீப் கோர்ட் வரை கட்டுப்படுத்தும். எங்கள் ஊர்க்காரருக்கு முதற்படி சிவகாசி. அடுத்தது மாவட்ட நீதிமன்றம். கலெக்டர் விருதுநகரில் இருந்தாலும் மாவட்ட நீதிபதி இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில்; 1985-இல் மாவட்டம் பிரிந்தபோது கலெக்டர் அலுவலகம் கிடைத்த ஊர் ஒன்று, கோர்ட் இருக்கும் ஊர் வேறு. அதற்கு மேற்படி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. அது 2004 ஜூலை 24-இல் திறக்கப்படும் வரை, 1862-இல் தொடங்கிய சென்னை உயர்நீதிமன்றத்திற்கு இரவு ரயில் ஏறியாக வேண்டும். இன்று மாட்டுத்தாவணியில் இறங்கி ஒத்தக்கடைப் பக்கம் போனால் போதும். உச்சியில் 1950 முதல் டெல்லி உச்சநீதிமன்றம். அன்று எட்டு நீதிபதிகளுக்கு இடமிருந்தது. 2019 முதல் முப்பத்து நான்கு.

படி ஏற ஏறத் தொலைவு மட்டுமா கூடுகிறது? மொழியும் மாறுகிறது. 1976-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு இடம் கிடைத்தது. உயர்நீதிமன்றம் முதல் ஆங்கிலமே. அரசியலமைப்பின் 348-ஆவது விதி ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் தந்துள்ள அதிகாரத்தால் சில வட மாநில உயர்நீதிமன்றங்களில் இந்தி நடமாடுகிறது. தமிழுக்காக நம் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் நிறைவேற்றியும் பலன் இல்லை. அண்மை ஆண்டுகளில் உச்சநீதிமன்றத் தீர்ப்புகள் சிலவற்றின் தமிழாக்கம் வெளிவருவது நல்ல தொடக்கம்தான். ஆனால் அது முடிந்த தீர்ப்பை வாசிக்க உதவுமே தவிர, முடியாத வழக்கில் நம் குரலைச் சேர்க்க உதவாது.

கீழ்ப்படியில் நான் கண்ட ஒரு காட்சியைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் இரு வீட்டாருக்கு இடையே ஒரு சுவர்த் தகராறு. வழக்கு முன்சீப் கோர்ட்டுக்குப் போயிற்று. கோர்ட் ஒரு வழக்கறிஞரை ஆணையராக நியமித்து அனுப்பியது. 'கமிஷன் வருது' என்று தெருவே கூடிவிட்டது. அவர் வந்தார், நாடா பிடித்து அளந்தார், இரு தரப்பையும் நிற்க வைத்து நிலவரம் குறித்துக்கொண்டார், வரைபடமும் போட்டார். கண் தெரியாத எங்கள் அப்பத்தா, "பழைய சுவரு இங்கிட்டு இருந்துச்சு சாமி" என்று கைத்தடியால் தட்டிக் காட்டியதையும் பொறுமையாகக் கேட்டார். ஒன்றரை அடிச் சுவருக்காக இந்திய நீதித்துறை எங்கள் தெருவுக்கு நடந்து வந்தது! அதை நினைத்தால் இன்றும் பெருமையாக இருக்கிறது.

உச்சநீதிமன்றமும் ஒருமுறை இப்படி வந்ததுண்டு. சிவகாசித் தொழிற்சாலைகளில் குழந்தைகள் வேலை செய்வதை எதிர்த்து 1986-இல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா வழக்குத் தொடுத்தார். அடிப்படை உரிமைக்காக எவரும் நேரே உச்சநீதிமன்றம் செல்லலாம் என்னும் 32-ஆவது விதியே அதற்கு வழி. பின்னர் ஒரு பட்டாசு ஆலை விபத்தில் 39 பேர் மாண்ட செய்தியைப் பத்திரிகையில் கண்டு, மன்றம் தானாகவே அதைக் கையில் எடுத்தது. 1991-இல் குழு அமைத்து, இப்பகுதியைப் பார்வையிட்டு அறிக்கை தரப் பணித்தது. 1996 டிசம்பர் 10-இல் தீர்ப்பு வந்தது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அக்குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை தர வேண்டும், இயலாவிடில் அரசு 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும் என்றது. விடியுமுன் பஸ் ஏறித் தீப்பெட்டி ஆலைக்குப் போன தலைமுறையின் பிள்ளைகளாகிய நாம் இன்று கல்லூரி வகுப்பில் உட்கார்ந்திருக்கிறோம். அதில் அந்த வழக்குக்கும் பங்குண்டு. டெல்லி மன்றத்தின் மீது எனக்குப் பகை இல்லை என்பதைச் சொல்லவே இதை விரித்தேன்.

அடுத்த பெரிய வழக்கு 2015-இல் தொடங்கியது. டெல்லியின் மூன்று கைக்குழந்தைகளின் பெயரால், மூச்சுவிடக் காற்று வேண்டும் என்று தொடுக்கப்பட்ட வழக்கு. நியாயமான கோரிக்கை, யார் மறுப்பார்? 2018 அக்டோபர் 23-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. பசுமைப் பட்டாசு மட்டுமே செய்யலாம், பேரியம் உப்பு கூடாது, சரவெடி கூடாது, தீபாவளியன்று இரவு எட்டு முதல் பத்து வரையே வெடிக்கலாம். ஆலை உரிமையாளர் தரப்பும் தமிழ்நாடு அரசும் வழக்கறிஞர் வைத்து வாதாடத்தான் செய்தன. தொழிலாளர் பிழைப்பு பற்றிய பேச்சும் எழுந்தது. மக்களின் நலவாழ்வுக்கே எடை கூடுதல் என்று மன்றம் கருதியது.

அந்த 'இரவு எட்டு முதல் பத்து' என்பதைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் தீபாவளி எப்போது? விடியற்காலையில்! எண்ணெய் தேய்த்துக் குளித்து, "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று கேட்டு, இருட்டோடு இருட்டாக முதல் வெடி வைப்பது நம் வழக்கம். வடக்கே மாலை விளக்கேற்றிக் கொண்டாடுவார்கள். தீர்ப்பின் கடிகாரம் அவர்களுடையது. தமிழ்நாடு அரசு மீண்டும் மன்றத்தை அணுகியது. அக்டோபர் 30-இல், அந்த இரண்டு மணி நேரத்தை மாநிலமே வகுத்துக்கொள்ளலாம் என்று மன்றம் திருத்தியது. காலை ஆறு முதல் ஏழு, மாலை ஏழு முதல் எட்டு என்று முடிவாயிற்று. ஒரு வாரத்தில் சரியான பிழைதான். ஆனால் ஒவ்வொரு தமிழ்க் குழந்தைக்கும் தெரிந்த இச்செய்தி முதற்சுற்றில் எட்டவில்லை என்றால், எங்கள் ஊர்ப் பெண்களுக்கு மட்டுமே தெரிந்த எத்தனை செய்திகள் எட்டாமல் போயிருக்கும்?

என் தாயார் சரம் பின்னுபவர். எத்தனை ஆயிரம் வாலாச் சரமானாலும் விரல் பார்த்துக்கொள்ளும், கண் வேண்டியதில்லை. ஒரு நாள் தீர்ப்பில் அந்த விரல்களின் வேலை சட்டவிரோதமாயிற்று. அத்தீபாவளிக்குப் பின் ஆலைகள் சில மாதங்கள் மூடிக் கிடந்தன. அப்பொழுது நான் ஆறாம் வகுப்பு. "நம்மளை ஒரு வார்த்தை கேட்டாங்களாடா?" என்று அம்மா என்னிடம் கேட்டார். அக்கேள்விக்கு விடை தேடித்தான் பின்னாளில் அரசியலமைப்புச் சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன் என்றால் மிகையில்லை.

பிறகு டெல்லியிலிருந்து ஆள் வரவில்லையா என்றால், உத்தரவின் பேரில் வந்தார்கள். தடையை மீறிப் பேரியம் பயன்படுத்தப்படுகிறதா என்று கண்டறிய 2020-இல் சி.பி.ஐ. விசாரணைக்கு மன்றம் ஆணையிட்டது. மீறிய ஆலைகள் மீது நடவடிக்கை வேண்டியதே. இரசாயனங்கள் சோதனைக்குப் போயின. சரம் பின்னுவோரின் நிலையை அறிவது அவ்விசாரணையின் நோக்கமன்று.

இதற்கு மருந்தாகச் சென்னையில் உச்சநீதிமன்றக் கிளை கேட்போர் உண்டு. 130-ஆவது விதிப்படி, குடியரசுத் தலைவர் ஒப்புதலுடன் தலைமை நீதிபதி டெல்லிக்கு வெளியிலும் மன்றத்தைக் கூட்டலாம்; அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. 2009-இல் சட்ட ஆணையமும் தன் 229-ஆம் அறிக்கையில் தெற்கு உட்பட நான்கு திசைகளில் மேல்முறையீட்டு அமர்வுகளைப் பரிந்துரைத்தது. விபத்து இழப்பீட்டு வழக்கு போன்றவற்றிற்கு அது பெரிய உதவி; மதுரைக் கிளையின் அருமை நமக்குத் தெரியாததா? நானும் ஆதரிக்கிறேன். ஆனால் ஏமாற்றிக்கொள்ளக் கூடாது. டெல்லிக் காற்று பற்றிய வழக்கு டெல்லியில்தான் நடக்கும். சென்னைக் கிளை இருந்திருந்தாலும் அம்மாவை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆகவே நான் கேட்பது சிறியது. ஒரு வட்டாரத்தின் முழுப் பிழைப்பையும் மாற்றும் ஆணைக்கு முன், 1991-இல் செய்தது போல் ஆணையர் குழுவை அனுப்பி, தொழிலாளர் சொல்லைத் தமிழிலேயே பதிவு செய்து, ஆங்கிலமாக்கி, வழக்குக் கட்டில் சேர்க்க வேண்டும். அதன் பின்னும் மன்றம் சரவெடி கூடாதென்றே சொல்லலாம். அது அதன் உரிமை. தாமதமாகும் என்பார்கள். வழக்குத் தொடுத்து மூன்றாண்டு கழித்தே 2018 தீர்ப்பு வந்தது. நாரணாபுரத்தில் சுற்றி வர மூன்று நாள் போதும்.

வழக்கு இன்னும் ஓயவில்லை. 2023-இல் சரவெடிக்கு மீண்டும் கதவடைத்த மன்றம், 2025 அக்டோபரில் டெல்லியில் பசுமைப் பட்டாசுக்குச் சில நாள் அனுமதி தந்தது. அம்மா இப்போது பெட்டி அடுக்குகிறார். கூலி குறைவு; விரல் மட்டும் சும்மா இருக்கையில் எதையோ பின்னிக்கொண்டே இருக்கும். ஆணையர் எவரேனும் வருவதாயின், சிவகாசியிலிருந்து எங்கள் ஊர் தூரமில்லை. பஸ் உண்டு.