நமுனுகுலைக்குப் பின்னால் விழவில்லை

பதுளைப் பக்கத் தோட்டங்களில் இரவு வானத்தில் பெரிய எரிகோளம் ஒன்று பாய்ந்து போனால், காலையில் பிரட்டுக்களத்தில் இதுதான் பேச்சு: "நமுனுகுலைக்குப் பின்னாலதான் விழுந்துச்சு, என் கண்ணால பார்த்தேன்." பார்த்தவர் பொய் சொல்லவில்லை. விழுந்த இடம் பற்றிய முடிவுதான் பிழை.

எரிகோளம் ஒளிரத் தொடங்குவது ஏறத்தாழ 80 முதல் 100 கிலோமீட்டர் உயரத்தில். பெரும்பாலானவை அங்கேயே கரைந்துவிடும்; பெரியவை 20, 30 கிலோமீட்டர் வரை இறங்கி அணையும். கணக்கைப் பாருங்கள். பதுளை நகரத்தில் நின்று 2,000 மீட்டரைத் தாண்டிய நமுனுகுலைச் சிகரத்தைப் பார்க்க, எட்டுப் பாகை அளவு பார்வையை உயர்த்தினால் போதும். அதே திசையில் 200 கிலோமீட்டருக்கு அப்பால், கடலுக்கு மேலே 30 கிலோமீட்டர் உயரத்தில் அணைகிற நெருப்பும் கிட்டத்தட்ட அதே எட்டுப் பாகையில்தான் தெரியும். இருட்டில் தூரத்தை அளக்கக் கண்ணுக்குப் பிடிமானம் எதுவும் இல்லை. பழகிய மலையைத்தான் அது எல்லையாக எடுத்துக்கொள்கிறது. ஒரே எரிகோளத்தை மடுல்சீமையில் ஒரு மலைக்குப் பின்னாலும் அப்புத்தளையில் வேறொரு மலைக்குப் பின்னாலும் விழவைப்பது இந்த மயக்கம்தான்.

"சத்தமும் கேட்டதே" என்பார்கள். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க மூன்று விநாடி ஆகும். 30 கிலோமீட்டர் உயரத்தில், தலைக்கு நேர்மேலே வெடித்தாலும் முழக்கம் வர ஒன்றரை நிமிடம் செல்லும். 2013 பெப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானில் எரிகோளம் ஒன்று வெடித்தபோது ஏறத்தாழ 1,500 பேர் காயமடைந்தார்கள். ஒளியைக் கண்டு ஜன்னலருகே போய் நின்றவர்களைத்தான், பிந்தி வந்த அதிர்வில் உடைந்த கண்ணாடி அதிகம் வெட்டியது. பேரொளி கண்டால் ஜன்னலை விட்டு விலக வேண்டும். லயத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள்.

பத்தனைப் புல்லில் தீ பிடித்தது எரிகல்லால் என்பதும் நிற்காது. ஒளி அணைந்த பிறகு கல் குளிர்ந்த காற்றினூடே சில நிமிடம் விழுகிறது. சூடேறியது மேல்தோல் மட்டுமே. வறண்ட மாதங்களில் ஊவாவின் புல்மலைகள் எரிவது பெரும்பாலும் மனிதர் வைக்கும் தீயால்.

படித்தவர்கள் சொல்லும் கூற்று ஒன்றும் உண்டு. 2012 டிசம்பர் 29 மாலை, பதுளைக்கு வடக்கே வான்வழியில் 90 கிலோமீட்டர் அளவிலுள்ள அரலகங்விலவில் எரிகோளம் தெரிந்ததாகச் செய்தி வந்தது. அங்கே பொறுக்கிய கற்களில் டயட்டம் என்னும் நுண்பாசியின் புதைபடிவம் இருப்பதாக, விண்ணியலாளர் சந்திரா விக்கிரமசிங்கவும் குழுவினரும் 2013 ஜனவரியில் எழுதினார்கள். விண்வெளித் தூசு பற்றிய அவருடைய பழைய ஆய்வுகள் மதிப்புக்குரியவை. ஆனால் அந்த டயட்டம் விண்ணிலிருந்து வந்தது என்ற இந்த முடிவை ஏற்க முடியாது. அவர்கள் காட்டியவை பூமியின் நன்னீரில் வாழும் இனங்களைப் போன்றவை. கற்கள் கிடைத்ததோ வயற்பகுதியில். வயல்நீரில் டயட்டம் இல்லாமல் இராது. புதிதாக விழுந்த விண்கல்லுக்கு இருக்கவேண்டிய உருகிய கரிய மேலோடு இருந்ததாகவும் நம்பும்படி நிறுவப்படவில்லை.

எரிநட்சத்திரம் வீட்டுக்குச் சாவு கொண்டுவரும் என்ற பயத்துக்கு ஒரு வரி போதும்: ஒவ்வொரு டிசம்பர் நடுவிலும் ஃபேத்தன் என்ற சிறுகோள் உதிர்த்த துகள்கள் ஓர் இரவில் நூற்றுக்கணக்கில் எரிகின்றன, நம் வீட்டு இழவுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

அடுத்த எரிகோளத்தைக் காண்பவர்கள் மலையேறித் தேட வேண்டாம். நின்ற இடம், மணி, அது மறைந்த திசை, எந்தச் சிகரத்துக்கு எவ்வளவு மேலே அணைந்தது என்பவற்றை உடனே குறித்துவைத்து, மொரட்டுவையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவகத்துக்கு எழுதுங்கள். பசறையிலிருந்து ஒருவரும் வெலிமடையிலிருந்து ஒருவரும் எழுதினால், அது உண்மையில் எங்கே அணைந்தது என்று கணக்கிட முடியும்.