தொடுதிரை வந்துவிட்டது, யார் தொடுகிறார்கள்?

"தொழில்நுட்பத்துக்குச் சாதி கிடையாது" என்று ஆசிரியர் பயிற்சிக் கருத்தரங்குகளில் அடிக்கடி சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பேருந்துக்கும்தான் சாதி கிடையாது. ஆனால் அது எந்தத் தெரு வரைக்கும் வருகிறது, எந்தத் தெருவுக்கு முன்னால் திரும்பிவிடுகிறது என்பதில் சாதி உண்டு. கம்ப்யூட்டர் விஷயமும் அப்படித்தான்.

அனுப்பம்பட்டு, பொன்னேரி, பழவேற்காடு பக்கத்திலிருந்து பி.எட்., டி.எல்.எட். படிக்கப் போகும் தலித், இருளர் பிள்ளைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பெரும்பாலும் அந்த வீட்டின் முதல் பட்டதாரிகள் இவர்கள். நாளைக்கு அரசுப் பள்ளிகளில் கரும்பலகைக்கு முன்னால் நிற்கப் போகிறவர்கள். கரும்பலகை இருந்த இடத்தில் இப்போது திரை வந்துகொண்டிருக்கிறது.

அரசு செலவு செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு அச்சடித்தார்கள். 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் அமைத்தார்கள். 2024இல் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் ஏறத்தாழ 80,000 பேருக்கு டேப்லெட் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. இருபத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் வகுப்பறை என்று அறிவித்தார்கள். வரவேற்போம். ஆனால் இந்தக் கருவிகளைக் கையாளப் போகிற ஆசிரியரை எப்படித் தயார் செய்கிறோம்?

2014இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் பி.எட். படிப்பை இரண்டு ஆண்டாக்கியது. அந்தப் பாடத்திட்டச் சட்டகத்தில் தகவல் தொழில்நுட்பத்தை 'விமர்சனபூர்வமாகப் புரிந்துகொள்ளுதல்' என்றே ஒரு தாள் இருக்கிறது. பெயர் அருமை. நடப்பு என்ன? பல கல்லூரிகளில் அது ஒரு ரெக்கார்டு நோட்டாகச் சுருங்கிவிட்டது. கம்ப்யூட்டரின் பாகங்களைப் படம் வரை, சீனியரின் பவர்பாயிண்ட்டைக் காப்பி எடு, கையெழுத்து வாங்கு. விமர்சனமும் இல்லை, புரிதலும் இல்லை.

லேபில் ஐந்து பேருக்கு ஒரு கம்ப்யூட்டர் என்றால் மவுஸ் யார் கையில் இருக்கும்? வீட்டில் லேப்டாப் வைத்திருப்பவர் கையில். முதல் தலைமுறை மாணவி பின்னால் நின்று நோட்டில் எழுதிக்கொள்வாள். இரண்டு ஆண்டு முடியும்போது இருவர் சான்றிதழும் ஒன்றுதான். ஆனால் ஒருத்தரின் விரலுக்குத்தான் பழக்கம் வந்திருக்கும். நாளைக்குப் பள்ளியில் புரொஜெக்டர் நின்றுபோனால் இவள் தடுமாறுவாள். உடனே ஸ்டாஃப் ரூமில் ஒரு குரல் வரும்: "கோட்டாவில் வந்தவங்களுக்கு இதெல்லாம் எங்கே வரும்?"

கவனியுங்கள் தோழர்களே. கருவியைக் கொடுக்காமல் விட்டது அமைப்பு. அந்தக் குறையைச் சாதியின் தகுதிக் குறையாக மாற்றிச் சொல்வதும் அதே அமைப்பு. குளத்தில் இறங்க விடாமல் தடுத்துவிட்டு "இவர்கள் சுத்தமில்லாதவர்கள்" என்று சொன்ன பழைய தந்திரம்தான் இது.

எண்களும் இதையே சொல்கின்றன. 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி இந்தியக் கிராமப்புற வீடுகளில் கம்ப்யூட்டர் இருந்தது 4.4 விழுக்காட்டில்தான். கொரோனா காலத்தில், 2021 ஆகஸ்டில், ழான் திரேஸ் உள்ளிட்டோர் பல மாநிலங்களில் நடத்திய ஆய்வில், கிராமப்புறத் தலித், பழங்குடிக் குழந்தைகளில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் 4 விழுக்காடு. மற்ற கிராமப்புறக் குழந்தைகளில் 15 விழுக்காடு. அன்று அந்த 96 விழுக்காட்டில் இருந்தவர்கள் சீக்கிரமே பயிற்சிக் கல்லூரி வாசலுக்கு வருவார்கள். வெறும் ரெக்கார்டு நோட்டா அவர்களுக்குப் பதில்?

பழவேற்காடு ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 'பாடு' என்றொரு முறை உண்டு. மீன் கிடைக்கும் இடங்களைப் பட்டினவர் கிராமங்கள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும். பார்க்க மிக ஜனநாயகமாக இருக்கும், உள்ளே இருப்பவர்களுக்கு. தலித்துகளுக்கும் இருளர்களுக்கும் அந்த முறையில் இடமில்லை. இருளர் பெண்கள் ஆழமில்லாத சேற்றுத் தண்ணீரில் இறங்கி, கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். பட்டினவர்களும் துறைமுகத்தாலும் அனல்மின் நிலையத்தாலும் அடிபட்டவர்கள்தான். அதற்காக இந்த உண்மை பொய்யாகிவிடாது. கம்ப்யூட்டர் லேப் இன்னொரு பாடாக மாறிவிடக் கூடாது என்பதே என் வாதம். ஒரு சிலருக்கு வலை, மற்றவர்களுக்குச் சேறு என்றால் அதற்குப் பெயர் டிஜிட்டல் கல்வி இல்லை.

திரையில் என்ன ஓடுகிறது என்பதும் முக்கியம். ஏரிக்கரைப் பள்ளியில் நீர்ச்சூழல் பாடம் நடத்த வேறு எங்கோ எடுத்த வீடியோவைப் போடுகிறோம். தன் பாட்டி இறால் பிடிக்கும் அறிவை ஒரு குழந்தை போனில் பதிவு செய்து வகுப்பில் காட்டினால் அதுவும் பாடம்தான். அதைச் செய்ய வைக்கத் தெரிந்த ஆசிரியர் வேண்டும். சில ஸ்டேஷன் தள்ளி அத்திப்பட்டில் எரியும் நிலக்கரியைப் பற்றி, அதன் சாம்பல் எங்கே போகிறது என்பதைப் பற்றி மேப் போடச் சொல்லலாம். தொழில்நுட்பத்தை விமர்சனபூர்வமாகப் புரிந்துகொள்வது இதுதான்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. உதவித்தொகை பெறும் மாணவர் பட்டியலைச் சாதியோடு சேர்த்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் தூக்கிப் போடுகிற பழக்கம். முன்பு வகுப்பில் எழுந்து நிற்கச் சொன்னார்கள், இப்போது ஒரே தட்டலில் ஊருக்கே தெரிவிக்கிறார்கள். 2023 நாங்குநேரி கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிகளில் சாதி எப்படியெல்லாம் புகுந்திருக்கிறது என்று அது பேசியது. மாணவரின் சாதித் தகவலைக் காப்பது ஆசிரியரின் கடமை என்பதைப் பயிற்சிக் காலத்திலேயே சொல்லித்தராவிட்டால், டேப்லெட்டும் அந்தச் சாதிக்கே வேலை செய்யும்.

நம்மில் சிலர் வேறு மாதிரி பேசுகிறார்கள்: "இதெல்லாம் கார்ப்பரேட் சூழ்ச்சி, நமக்கு எதற்கு?" இந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. எழுத்தும் அச்சும் ஒருகாலத்தில் அவர்கள் கையில்தான் இருந்தன. அயோத்திதாசர் 1907இல் பத்திரிகை தொடங்கினார். எம்.சி.ராஜா பள்ளி ஆசிரியராக இருந்து பாடநூல் எழுதினார். கருவியைக் கைப்பற்றியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

எனவே கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். தொழில்நுட்பத் தாளுக்கு ரெக்கார்டு நோட்டு வேண்டாம், ஒவ்வொருவரும் தனியாகக் கருவியில் செய்து காட்டும் தேர்வு வேண்டும். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத மாணவர்களுக்கு லேபில் கூடுதல் நேரம் வேண்டும், மாலையிலும் விடுமுறையிலும். இணையம் இல்லாத இடத்தில் பாடம் நடத்தும் பயிற்சி வேண்டும். கற்பித்தல் பயிற்சியில் ஒரு பகுதி ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் நடக்க வேண்டும், எல்லாச் சாதி மாணவ ஆசிரியர்களுக்கும். மாணவரின் தகவலைப் பாதுகாப்பது தேர்வுப் பாடமாக வேண்டும்.

இப்போது பயிற்சியில் இருக்கிற தம்பி, தங்கைகளே, ஒரு வேலை செய்யுங்கள். இந்த மாதம் நீங்கள் எத்தனை மணி நேரம் மவுஸைப் பிடித்தீர்கள் என்று எழுதிவையுங்கள். உங்கள் நண்பர்களிடமும் கேட்டு எழுதுங்கள். அரசு, அரசு உதவிபெறும் கல்லூரி என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள்: எத்தனை கம்ப்யூட்டர், எத்தனை வேலை செய்கிறது, லேப் எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது. 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தப் பதிலையும் உங்கள் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, முதல்வர் அறைக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள், சேர்ந்து போங்கள்.