களத்துமேடும் லேத் பட்டறையும்

ஆலைத்தொழில் நிலப்பிரபுக்களின் அதிகாரத்தைக் கரைத்து நடுத்தர வர்க்கத்தை மேலேற்றிய வரலாறு பெரும்பாலும் இங்கிலாந்தை முன்வைத்தே சொல்லப்படுகிறது. 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தால் தொழில் நகரங்கள் நாடாளுமன்றத்தில் இடம்பெற்றதும், அயல்நாட்டுத் தானியத்துக்கு வரிவிதித்து நிலவுடைமையாளரைக் காத்துவந்த தானியச் சட்டங்கள் 1846இல் நீங்கியதும் அதன் மைல்கற்கள். அந்தச் சித்திரத்தைத் திருமுடிவாக்கத்துச் சிட்கோ தொழிற்பேட்டையின் மீது அப்படியே பொருத்திவிட முடியாது. ஏனெனில் அந்தப் பேட்டை அமைந்துள்ள பழைய செங்கல்பட்டுச் சீமையின் ஊர்களை ஆண்டவர்கள் பிரபுக்கள் அல்லர், மிராசுதாரர்கள்.

காணியாட்சி என்றும் வழங்கிய மிராசு, ஏதோ ஒரு வயலின் உடைமை மட்டுமன்று. ஊரின் நஞ்சை, புஞ்சை, தரிசு, நத்தம் என எல்லாவற்றிலும் தலைமுறை தலைமுறையாக இறங்கிவரும் பங்குரிமை அது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்ட் இந்தப் பகுதியில் நடத்திய அளவைப் பணியின் கணக்குகளைப் பார்த்தால், விளைந்த நெல்லிலிருந்து கோயில், கணக்குப்பிள்ளை, தச்சர், கொல்லர் எனப் பலருக்கும் பங்கு பிரிக்கப்பட்டது தெரியவரும். கொழு அடித்துக் கொடுத்த கொல்லனுக்குக் கிடைத்தது பேரம் பேசி வாங்கிய விலையன்று, ஊர் வகுத்த பங்கு. இந்த ஏற்பாட்டைத் தன்னிறைவின் பொற்காலமாகக் கொண்டாடுவோர், அதே சீமையின் கலெக்டர் டிரெமன்ஹீர் பறையர் மக்களின் நிலை குறித்து 1891இல் எழுதிய அறிக்கையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தரிசு நிலத்தைக் கேட்டு விண்ணப்பித்தாலும் மிராசுதாரரின் முன்னுரிமை குறுக்கே நின்றது. குடிசை நின்ற மண்ணே பல ஊர்களில் படியாளுக்குச் சொந்தமில்லை. உழைப்பவன் எதிர்த்துப் பேச வாயெடுத்தால் வீட்டையும் இழப்பான் என்பதில்தான் அந்த அதிகாரத்தின் உண்மையான கனம் இருந்தது.

இந்தக் கனத்தை இறக்கியது தொழிற்சாலை மட்டுமே எனச் சொல்வது பிழை. மிராசுக் குடும்பங்களில் கணிசமானவை, ஆலைகள் பெருகுவதற்கு முன்பே பிள்ளைகளைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்கவைத்து, வழக்கறிஞர் தொழிலிலும் அரசாங்க உத்தியோகத்திலும் அமர்த்திவிட்டன. அதாவது, பழைய நிலவுடைமையை வீழ்த்தியதாகக் கருதப்படும் நடுத்தர வர்க்கத்தில் ஒரு பாதி அந்த நிலத்தின் வயிற்றிலேயே பிறந்தது. மறுபாதியை உருவாக்கியதில் அரசுக்குப் பெரும் பங்குண்டு. 1958இல் கிண்டியில் திறக்கப்பட்ட தொழிற்பேட்டையும், 1970இல் தொடங்கப்பட்ட சிட்கோ எனும் சிறுதொழில் வளர்ச்சிக் கழகமும், சாலையும் மின்சாரமும் அமைந்த மனைகளையும் கொட்டகைகளையும் ஒதுக்கின. பரம்பரைக் காணி இல்லாத ஒருவர் ஒதுக்கீட்டு ஆணையையும் வங்கிக் கடனையும் கொண்டு முதலாளியாவதற்கு வழி பிறந்தது. பாட்டன் பெயரைக் கேட்காத ஒரு காகிதம் இந்த மண்ணில் சிறிய செய்தியன்று.

ஆயினும், அந்த முதலாளியின் அதிகாரம் எத்தகையது? இரண்டு லேத்தும் ஒரு சிஎன்சி இயந்திரமும் ஓடும் கொட்டகையில், கூலன்ட் எண்ணெயின் வாடைக்கும் சுருள்சுருளாய் விழும் இரும்புப் பிசிறுக்கும் நடுவே நின்று, பெரிய நிறுவனம் அனுப்பிய வரைபடத்தின்படி பாகங்களைக் கடைந்து கொடுப்பவர் அவர். வரைபடமும் விலையும் வாங்குபவருடையவை. சரக்கில் ஒரு பகுதி அளவு பிசகியதாகத் திரும்பி வந்தால் நட்டம் மட்டும் அவருடையது. சிறு, குறு நிறுவனங்களுக்கான பணத்தை அதிகபட்சம் 45 நாள்களுக்குள் கொடுத்துவிட வேண்டும், தவறினால் வட்டியும் சேர்த்துத் தர வேண்டும் என 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் அடுத்த ஆர்டரை எதிர்பார்த்திருப்பவர் அந்த வட்டியைக் கேட்பது அரிது. களத்துமேட்டில் பங்குக்குக் காத்திருந்த கொல்லனுக்கும் பில்லுக்குக் காத்திருக்கும் பட்டறைக்காரருக்கும் உள்ள தொலைவு, தோற்றத்தில் தெரிவதைவிடக் குறைவு.

நிலமும் முற்றாகத் தோற்றுவிடவில்லை. பேட்டையைச் சுற்றியிருந்த வயல்களில் இன்று நெல் இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட லைன் வீடுகள் நிற்கின்றன. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஷிப்ட் மாற்றி வேலை செய்யும் இளைஞர்கள் ஓர் அறைக்கு நான்கைந்து பேராகத் தங்கி, மாதம் பிறந்ததும் வாடகையை எண்ணிக் கொடுக்கிறார்கள். வாங்கிக்கொள்பவர், பெரும்பாலும், அந்த வயலின் பட்டாவில் பெயருள்ளவர்.