எண்ணிக்கையில் வீடுகள், எரிவெயிலில் மக்கள்

இந்த நாட்டில் வீட்டுத்திட்டம் என்பது எண்ணிக்கையில் தொடங்கி எண்ணிக்கையில் முடிகின்ற ஒரு விடயம். இத்தனை ஆயிரம் வீடுகள், இத்தனை கோடி ரூபா, அடிக்கல் நாட்டு விழா, நாடா வெட்டு விழா. பல தசாப்தங்களாகச் செய்தியாளனாக இவ்விழாக்களைப் பார்த்து வந்திருக்கின்றேன். அந்த வீட்டினுள் பங்குனி, சித்திரை மாதங்களில் நண்பகலில் ஒரு முதியவர் படுத்திருக்க முடியுமா என்றோ, மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்றோ எந்த மேடையிலும் எவரும் சொல்லக் கேட்டதில்லை. கேட்டால், “வீடில்லாதவனுக்கு வீடு கொடுக்கும்போது சுற்றாடல் பேசுகிறீரோ?” என்று எம்மீதே பாய்வார்கள்.

ஆம், பேசத்தான் வேண்டும். சட்டமே அவ்வாறுதான் சொல்கின்றது.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டு, பாரிய திட்டங்களுக்கு அனுமதி பெறும் நடைமுறை கொண்டுவரப்பட்டது. எந்தெந்தத் திட்டங்கள் என்பதை 1993 ஜூனில் வெளியான வர்த்தமானி அறிவித்தல் பட்டியலிட்டது. 1000க்கு மேற்பட்ட குடியிருப்பு வீடுகளை நிர்மாணிப்பதும் அப்பட்டியலில் உண்டு. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை 30 நாட்கள் பொதுமக்களின் கருத்துக்காக வைக்கப்படவேண்டும் என்பதும் சட்டம். காகிதத்தில் எல்லாம் ஒழுங்காகவே இருக்கின்றன. ஆனால் ஓட்டையும் அங்கேதான் இருக்கின்றது. ஒரே காணியில் 1000 வீடுகளைக் கட்டும் நிறுவனத்தை மனதில் வைத்து எழுதப்பட்ட விதி இது. 10,000 வீடுகளைக் கிராமம் கிராமமாக, அவரவர் காணியில் சிதறிக் கட்டும்போது, “ஒவ்வொன்றும் தனி வீடு” என்று சொல்லிக் கடந்து போக வழி கிடைத்து விடுகின்றது. மணலுக்கும் நிலத்தடி நீருக்கும் அந்த வித்தியாசம் தெரியாது. 10,000 வீடு 10,000 வீடுதான்.

சக்திக் கொள்கையின் கதையும் இதுவே. சக்தி வினைத்திறன் கொண்ட கட்டடங்களுக்கான கோவை 2008இல் வெளியானது. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாடிகள், 500 சதுர மீற்றர் தளப்பரப்பு, பெரிய மின் கேள்வி என்ற அளவுகோல்களை வைத்து எழுதப்பட்டது அது. கொழும்பின் குளிரூட்டிய மாளிகைக்கு விதி உண்டு. 550 சதுர அடி வீட்டில் ஒரு மின்விசிறியை நம்பி வாழும் குடும்பத்துக்கு விதி இல்லை. அரச பணத்தில் கட்டப்படும் வீடு எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடலாம் என்று எவரும் எல்லை வகுக்கவில்லை.

இவ்வாறானதொரு வெற்றிடத்தில்தான் பொருத்து வீடு வந்து இறங்கியது. வடக்கு கிழக்கில் 65,000 வீடுகள் என்ற திட்டத்தை 2015இல் டி. எம். சுவாமிநாதனின் பொறுப்பிலிருந்த மீள்குடியேற்ற அமைச்சு முன்வைத்தது. ஆர்செலர் மித்தல் என்ற பன்னாட்டு உருக்கு நிறுவனம் தெரிவுசெய்யப்பட்டது. வீடொன்றின் விலை சுமார் 21 இலட்சம் ரூபா. தளபாடம், இணைய வசதி என்று கவர்ச்சிகளும் சேர்க்கப்பட்டன. அதற்குச் சற்று முன்னர்தான் இந்திய வீட்டுத்திட்டம் பயனாளி ஒருவருக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கொடுத்து, அவர்களைக் கொண்டே கல்வீடுகளைக் கட்டுவித்திருந்தது. ஏறத்தாழ நான்கு மடங்கு விலையில் மக்களுக்கு என்ன கிடைக்கப்போகின்றது என்ற கேள்வி எழுந்தது. பொறியியலாளர்களும், வட மாகாண முதலமைச்சராகவிருந்த சி. வி. விக்னேஸ்வரனும், நாடாளுமன்ற உறுப்பினர் எம். ஏ. சுமந்திரனும் எதிர்த்தார்கள். காற்றோட்டம் போதாது, எமது வெக்கைக்கு ஒவ்வாது, விறகடுப்புக்கு இடமில்லை, அத்திவாரம் பலவீனமானது என்றெல்லாம் ஆட்சேபங்கள் முன்வைக்கப்பட்டன. இழுபறிப்பட்டு, 6,000 வீடுகளாகச் சுருங்கி, அத்திட்டம் அறிவித்தபடி நிறைவேறாமலே போயிற்று.

எதிர்ப்பு வென்றது என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. எனக்கு அந்த மகிழ்ச்சி இல்லை. ஏனெனில் அக்கேள்விகள் அனைத்தும் கேள்விப்பத்திரம் கோரப்படுவதற்கு முன்னரே, முறைப்படி, நிபுணர்களால் கேட்கப்பட்டு விடையும் எழுதப்பட்டிருக்க வேண்டியவை. அமைச்சர் ஒரு பக்கமும் கட்சிகள் மறுபக்கமும் நின்று ஊடக அறிக்கைகளால் அடித்துக்கொண்ட ஆண்டுகளில், ஓலைக் கொட்டிலிலும் தகரக் கொட்டிலிலும் இருந்த குடும்பங்கள் அங்கேயே இருந்தன. பொருத்து வீட்டுக்கு விண்ணப்பித்த ஏழைகளைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. மழையில் நனைபவனுக்குக் கிடைக்கும் கூரை எதுவும் கூரைதான். அவனை அந்த நிலையில் வைத்துவிட்டு, “மக்களே கேட்கிறார்கள்” என்று வாதாடுவது அரசியல் தந்திரம்.

உருக்கு கூடாதென்பதால் கல்லும் சீமெந்தும் குற்றமற்றவை என்று ஆகிவிடாது. ஒவ்வொரு கல்வீட்டுக்கும் பல லோட் மணல் வேண்டும். அது எங்கிருந்து வருகின்றது? கிளிநொச்சியின் கல்லாற்றிலும் வடமராட்சி கிழக்கின் கரையோரத்திலும் மணல் அகழ்வு பற்றிய முறைப்பாடுகள் ஓய்ந்ததேயில்லை. இதற்கிடையே 2019 டிசம்பரில் மணல் கொண்டுசெல்லும் அனுமதிப்பத்திர முறையையே அரசாங்கம் நீக்கியது. ஒரு பக்கம் வீடு, மறுபக்கம் அதே ஊரின் கடற்கரை.

குடாநாட்டின் நிலைமை இன்னும் மோசம். எமது காலடியில் இருப்பது சுண்ணக்கல். எமது கிணற்று நீர் அதன் வெடிப்புகளினூடாகவே ஓடுகின்றது. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவு மிஞ்சியிருப்பதை ஆய்வுகள் பல தடவை எடுத்துக் காட்டியுள்ளன. உரமும் மலசலகூடக் குழிகளும் அதற்குக் காரணம். நெருக்கமான குடியிருப்பில் வீட்டுக்கொரு குழியை வெட்டிவிட்டு, கிணறுகளுக்கு என்ன நடக்கும் என்று கேட்காமல் விடுவது வீடு கொடுத்து நீரைப் பறிப்பதாகும்.

சுற்றாடல் மதிப்பீடு ஏழைகளுக்கு ஆடம்பரம் என்போர் மீரியபெத்தையை நினைவுகொள்ளட்டும். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தையில் லயன் காம்பராக்கள் மண்ணுக்குள் புதைந்தன. அங்கிருந்து மக்களை அகற்ற வேண்டுமென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அறிக்கை இருந்தது, கேட்கத்தான் ஆளில்லை. மதிப்பீட்டைப் புறக்கணித்ததன் விலையைச் செலுத்தியவர்கள் மலையகத்தின் மிக வறிய தொழிலாளர்களே அன்றி வேறெவரும் அல்லர்.

மின்சாரத்தையும் நினைவுகொள்ளட்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு. அவ்வாண்டு ஓகஸ்டில் சராசரி 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் கட்டணம் உயர்ந்தது. பின்னர் குறைக்கப்பட்டதும் உண்மை. ஆனால் வெப்பத்தை வாங்கி வைக்கும் வீட்டில் இருப்பவனுக்கு எந்தக் கட்டணமும் தண்டமே. இரவிலும் விசிறியை நிறுத்த முடியாத வீட்டைக் கொடுத்த அரசு, அவ்வீட்டின் மின்பட்டியலையும் அவன் தலையில் கட்டிவிட்டது. எமது முன்னோர் பனஞ்சிலாகையும் கிடுகும் கொண்டு வேய்ந்து, திண்ணையும் தாழ்வாரமும் வைத்துக் கட்டியது அழகுக்காக மட்டும் அன்று. சுவரில் வெயில் விழாதிருக்கவும் காற்று குறுக்காக ஓடவும் வழி செய்தார்கள். கேரளத்தில் லோரி பேக்கர் எலிப்பொறிக் கட்டு என்ற முறையில் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பினார். கல்லும் மிச்சம், வீடும் குளிர்ச்சி. இவையெல்லாம் இரகசியங்கள் அல்ல.

2025 நவம்பரில் தித்வா புயல் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மீண்டும் ஆயிரக்கணக்கில் வீடுகள் கட்டப்பட வேண்டும். அவசரம் என்ற சொல் மீண்டும் எல்லாக் கேள்விகளையும் விழுங்கப் பார்க்கும்.

ஆகவே இப்போதே கேட்கவேண்டியவை சில. சிதறிய வீடுகளாயினும், ஒரு திட்டத்தின் மொத்தத் தொகையை வைத்தே மதிப்பீடு நடக்கவேண்டும். அதுவும் ஒப்பந்தகாரரைத் தெரிவுசெய்வதற்கு முன்னர். மணலும் மரமும் எங்கிருந்து வரும் என்று எழுதிக் காட்டவேண்டும். அரச பணத்தில் எழும் சிறு வீட்டுக்கும் கூரை, காற்றோட்டம், நிழல் பற்றிய கட்டாய விதி வேண்டும். சரிவும் கிணறும் அளக்கப்படாமல் எந்தக் காணியிலும் அத்திவாரம் வெட்டக்கூடாது. அறிக்கை, பயனாளி வாசிக்கும் மொழியில் பிரதேச செயலகத்தில் கிடைக்கவேண்டும்.

இவற்றுக்குச் சில மாதங்கள் பிடிக்கும். பொருத்து வீட்டுச் சண்டைக்கு ஆண்டுகள் பிடித்தன. மதிப்பீடுதான் தாமதத்துக்குக் காரணம் என்று இனிமேல் எந்த அமைச்சராவது சொன்னால், அந்தக் கணக்கை அவரிடம் கேளுங்கள்.