டீசல் கேனில் தொங்கும் தொலைத்தொடர்பு

2021 நவம்பர் 18, 19 தேதிகளில் ஒன்றுபட்ட சித்தூர் மாவட்டத்தைப் பெருமழை புரட்டிப்போட்டது. திருமலைச் சாலைகளில் பாறைகள் சரிந்தன, சுவர்ணமுகி கரைபுரண்டது, திருப்பதித் தெருக்கள் ஆறுகளாயின. இராயலசெருவு ஏரிக்கரை உடையக்கூடும் என்ற அச்சத்தில் சுற்றுக்கிராம மக்கள் வெளியேற்றப்பட்டனர். அந்த மழைநாளில் சித்தூரிலிருந்து திருப்பதித் தோழர் ஒருவரை ஓயாமல் அழைத்தேன். மறுநாள் மாலைதான் அவர் குரல் கேட்டது. நடந்தது எளிய கதை: மின்சாரம் நின்றது, அலைபேசிக் கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரத்தில் தீர்ந்தது, ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுவரும் வண்டி வெள்ளத்தைக் கடக்க இயலவில்லை.

இது இயற்கையின் சீற்றம் மட்டுமன்று. மக்களுக்கு மிகவும் தேவைப்படும் நாளில் ஊமையாகிவிடும் வகையில்தான் இந்த வலைப்பின்னல் அமைக்கப்பட்டுள்ளது. டீசல் எரிகிறது, கரியமிலவாயு பெருகுகிறது, புவி வெப்பம் உயர்ந்து மழை மூர்க்கமாகிறது, அந்த மழையே டீசல் வரும் பாதையை அடைக்கிறது.

மாற்று அறியப்படாததா? 2012 ஜனவரியிலேயே தொலைத்தொடர்புத் துறை ஓர் ஆணை பிறப்பித்தது. 2015க்குள் ஊரகக் கோபுரங்களில் 50 சதவீதமும் நகரக் கோபுரங்களில் 20 சதவீதமும், 2020க்குள் முறையே 75, 33 சதவீதமும், மின்வாரிய இணைப்போடு சூரிய ஒளி போன்ற புதுப்பிக்கத்தக்க ஆற்றலிலும் இயங்கவேண்டும் என்றது. நிறுவனங்கள் செலவைக் காட்டித் தட்டிக்கழித்தன. அன்றைய காங்கிரஸ் ஆட்சியும் வற்புறுத்தவில்லை. அடுத்து வந்த பாஜக ஆட்சியும் வற்புறுத்தவில்லை. அதே நிறுவனங்கள் 2024 ஜூலையில் ஒருசேரக் கட்டணத்தை உயர்த்தியபோது மட்டும் எவருக்கும் தயக்கமில்லை.

தனியார் போட்டியே சிக்கனம் தரும் என்கிறார்கள். அலைபேசி வலைப்பின்னல் உண்ணும் மின்சாரத்தில் பெரும்பகுதி கோபுர அடிநிலையங்களுக்கே செல்கிறது. ஒரே ஊரின் மேல் மூன்று நான்கு நிறுவனங்கள் தனித்தனி அலைக்கருவிகளை இரவு பகலாக எரியவிடுகின்றன. ஊர் உறங்கும் நேரத்திலும் அவற்றில் பல விழித்திருக்கின்றன. இந்த வீண்செலவுக்குத்தான் போட்டி என்று பெயர்!

2023 ஜூனில் பிபர்ஜாய் புயல் குஜராத்தைத் தாக்கியபோது, எந்த நிறுவனத்தின் சந்தாதாரரும் எந்த நிறுவனத்தின் அலைவரிசையிலும் பேசலாம் என்று ஒன்றிய அரசே ஏற்பாடு செய்தது. தடையாக இருந்தது தொழில்நுட்பம் அன்று, இலாபமே என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

பேரிடரில் மக்கள் நம்ப வேண்டிய பொதுத்துறையின் நிலை என்ன? 2020 ஜனவரி 31 அன்று, விருப்ப ஓய்வு என்ற பெயரில் 78,000க்கும் மேற்பட்ட பி.எஸ்.என்.எல். ஊழியர்கள் ஒரே நாளில் வெளியேற்றப்பட்டனர். திருப்பதி வெள்ளத்துக்கு ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு முன், 2021 ஆகஸ்டில், தேசியப் பணமாக்கல் திட்டம் பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். நிறுவனங்களின் 14,917 கோபுரங்களைத் தனியாருக்குத் தாரைவார்க்கும் பட்டியலில் சேர்த்தது. மழையில் இறங்கிக் கம்பியைச் சீர்செய்யும் கைகளை முதலில் வெட்டினார்கள். பிறகு கோபுரத்துக்கே விலை பேசினார்கள்.

நமது கோரிக்கைகள் தெளிவானவை. பொதுத்துறைக் கோபுரங்களை விற்கக் கூடாது. ஏரிக்கரை, ஆற்றங்கரை, மலையடிவார ஊர்களின் கோபுரங்களுக்குச் சூரிய மின்தகடும் நீடித்து உழைக்கும் பேட்டரியும் முதலில் வேண்டும். கருவிகள் வெள்ள மட்டத்துக்கு மேல் உயர்த்தப்பட வேண்டும். பேரிடர்க் காலத்தில் அலைவரிசைப் பகிர்வு தானே நடைமுறைக்கு வரச் சட்டம் தேவை. செலவை இலாபம் ஈட்டியவர்களே ஏற்கவேண்டும்.

தோழர்களே, அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் கிளைதோறும் தத்தம் ஊர்க் கோபுரங்களைப் பார்வையிடுங்கள். மின்சாரம் நின்றால் அது எத்தனை மணி நேரம் பேசும் என்று கேளுங்கள். விடையைத் துண்டறிக்கையாக்கி மக்களிடம் கொண்டுசெல்லுங்கள். உதவி கேட்கும் குரல் ஒரு டீசல் கேனுக்காகக் காத்திருக்கக் கூடாது.